ஆண்களுக்கு மட்டும் வருவதெல்லாம் ஒய் குரோமோசோமில் இருந்தா வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரபியல் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தக் குழப்பம் தவறாமல் வந்துவிடும். ஒரு பண்பு ஆண்களிடம் மட்டும் தெரிந்தால் அது ஒய் குரோமோசோமில்தான் இருக்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, சொந்தக்காரர்களும் கல்யாண வீட்டில் பிடித்து உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தெரிந்த கதைதான், ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். அதில் 22 ஜோடி ஆண், பெண் இருவருக்கும் பொது. அவற்றை உடற்குரோமோசோம்கள் என்போம். 23ஆவது ஜோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

ஒய் ஆணிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆணிடம் மட்டும் தெரியும் பண்பு அதில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தாய்ப்பால் சுரப்பது பெண்களிடம். கர்ப்பப்பை பெண்களிடம். ஆனால் பெண்ணிடம் மட்டுமே இருக்கிற குரோமோசோம் என்று ஒன்று கிடையாது. அவளிடம் இருப்பது இரண்டு எக்ஸ், ஆணிடமும் ஒரு எக்ஸ் இருக்கிறது. அப்படியென்றால் கர்ப்பப்பைக்கும் தாய்ப்பாலுக்கும் வேண்டிய மரபணுக்கள் அத்தனையும் ஆணின் உடம்பிலும் இருக்கின்றன. இருந்தும் அங்கே அந்த வேலை நடப்பதில்லை.

பெண்களுக்கு மட்டும் உரிய பண்புக்குத் தனிக் குரோமோசோம் தேவைப்படவில்லை என்றால், ஆண்களுக்கு மட்டும் உரிய பண்புக்கு ஏன் தேவைப்பட வேண்டும்? மரபணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரு விஷயம். அது எந்த உடம்பில் வேலை செய்கிறது என்பது வேறு விஷயம். வீட்டுக்கு வீடு மிக்சி இருக்கலாம், கரண்ட் வந்த வீட்டில்தான் ஓடும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் இங்கே பல மரபணுக்களுக்குக் கரண்ட் மாதிரி.

அப்போது ஒய் குரோமோசோமில் என்னதான் இருக்கிறது?

ரொம்பக் கொஞ்சம். 2023-இல்தான் மனித ஒய் குரோமோசோம் முழுதாகப் படிக்கப்பட்டது. மொத்தம் 6,24,60,029 டி.என்.ஏ. எழுத்துகள், அதில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 106. அந்த 106-லும் கணிசமானவை ஒரே மரபணுவின் நகல்கள். எக்ஸில் இருப்பவை சுமார் 800-க்கு மேல்.

ஒய்யின் முக்கியமான ஆள் எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணு. 1990-இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். கரு ஆறேழு வாரமாக இருக்கும்போது இது விழித்துக்கொண்டு விந்தகம் உருவாகும் வேலையைத் தொடங்கிவைக்கிறது. அடுத்து எஸ்.ஆர்.ஒய் தூண்டிவிடும் சாக்ஸ்9 என்ற மரபணு இருப்பது 17ஆவது குரோமோசோமில். ஆக, இரண்டாவது படியிலேயே ஒய்யை விட்டு வெளியே வந்தாயிற்று. விந்தகம் சுரக்கும் டெஸ்டோஸ்டீரோனை உடம்பு உணர்வதற்கான ஏற்பி எங்கே இருக்கிறது தெரியுமா? எக்ஸில். அதாவது ஆண் ஹார்மோனுக்கு உடம்பு கட்டுப்படுவதற்கான மரபணுவையே ஒரு பையன் அம்மாவிடமிருந்துதான் வாங்கி வருகிறான். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

பெண்ணின் உடம்பில் தாடிக்கான மரபணு இருக்கிறது என்கிறீர்களா?

ஆமாம். சில ஹார்மோன் கோளாறுகளில் பெண்களுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் அடர்ந்த முடி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் புதிதாக ஒய் குரோமோசோம் முளைத்துவிடவில்லை. இருந்த மரபணுக்களுக்குக் கரண்ட் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பையனுக்கு அம்மா வழித் தாத்தாவின் தாடி அப்படியே வருவதும் இதனால்தான். தாடி இல்லாத அம்மா வழியாகத்தான் அது வந்திருக்கிறது.

மாடு வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எந்தக் காளையும் பால் கறக்காது. ஆனால் சினை ஊசி போட வைத்திருக்கும் உறைவிந்துக் குச்சிக்குப் பின்னால் பெரிய கணக்கே இருக்கிறது. அந்தக் காளையின் தாய் எவ்வளவு கறந்தது, அதற்குப் பிறந்த கிடேரிகள் வளர்ந்து கன்று போட்டபின் எவ்வளவு கறந்தன என்று பார்த்துத்தான் காளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாலின் கொழுப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் டி.ஜி.ஏ.டி.1 மரபணு மாட்டின் 14ஆவது குரோமோசோமில் இருக்கிறது. காளைக்கும் அது உண்டு. மடி இல்லாததால் அது காளையிடம் தெரிவதில்லை. இப்படி ஆண், பெண் இரண்டில் ஒரு பாலினத்தில் மட்டுமே வெளிப்படுபவற்றைப் பால் வரம்புக்குட்பட்ட பண்புகள் என்று பாடத்தில் சொல்வார்கள்.

கிடாவுக்குக் கொம்பு இருக்கிறது, பெட்டை ஆட்டுக்கு இல்லை. இதுவும் அப்படியா?

கிட்டத்தட்ட. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் செம்மறி இனங்களில் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு இருக்கும், பெட்டைக்கு இருக்காது. ஆனால் இங்கிலாந்தின் டார்செட் இனத்தில் இரண்டுக்குமே கொம்பு உண்டு, சஃபோக் இனத்தில் இரண்டுக்குமே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டையும் கலந்து பார்த்தார்கள். பிறந்த குட்டிகளில் கிடாக்களுக்கெல்லாம் கொம்பு, பெட்டைகளுக்கெல்லாம் மொட்டை. அத்தனை குட்டிகளுக்கும் இருந்தது ஒரே மரபணு ஜோடி: டார்செட்டிலிருந்து ஒன்று, சஃபோக்கிலிருந்து ஒன்று. அதே ஜோடி கிடாவில் ஓங்குகிறது, பெட்டையில் ஒடுங்குகிறது. சம்பந்தப்பட்ட மரபணு ஆட்டின் 10ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று பிற்பாடு தெரியவந்தது.

அந்த முதல் தலைமுறையை மட்டும் பார்த்தவர் 'ஆஹா, ஒய்தான்' என்று சத்தியம் செய்திருப்பார். அடுத்த தலைமுறையில் கொம்பு முளைத்த பெட்டைகளும் கொம்பில்லாத கிடாக்களும் கால் பங்கு வந்து நின்றன.

சரி, ஒய் இல்லை என்றால் எக்ஸ்தானே?

எப்போதும் இல்லை, சில சமயம். ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), சிவப்பு-பச்சை நிறக்குருடு, டுஷேன் தசைச் சிதைவு ஆகிய மூன்றும் எக்ஸ் சார்ந்தவை. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் அதில் பழுது இருந்தால் மறைக்க இன்னொன்று கிடையாது. பெண்ணிடம் மாற்றுப் பிரதி ஒன்று இருக்கிறது. வட ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நிறக்குருடு, பெண்களில் அரை சதவீதம்தான்.

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய்யை மட்டும், எக்ஸை அல்ல. அதனால் எக்ஸ் சார்ந்த பண்பு அப்பாவிடமிருந்து நேராக மகனுக்குப் போகாது, மகள் வழியாகப் பேரனுக்குப் போகும். தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே குறை இருக்கும், நடுவில் இருக்கும் அம்மாவுக்கு ஒன்றும் இருக்காது. விக்டோரியா மகாராணியின் வம்சத்தில் ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு வந்த ஹீமோஃபிலியாவும் அம்மா வழியில் வந்ததுதான்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் நிறக்குருடு, மகனுக்கும் நிறக்குருடு. அப்படியென்றால் ஒய்தானே?

நான் திரும்ப ஒரு கேள்வி கேட்பேன்: அப்பா தன் சொந்த அக்காவின் மகளைக் கட்டியவரா?

சிரிக்க வேண்டாம், நம் பக்கத்தில் இது முக்கியமான கேள்வி. ஒருவருக்கு நிறக்குருடு இருக்கிறது, அவருடைய அப்பாவுக்கு இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் அம்மா அந்த எக்ஸைச் சுமக்கிறவர். அது அக்காவுக்குப் போயிருக்க வாய்ப்பு பாதி. அக்காவிடமிருந்து அக்கா மகளுக்குப் போயிருக்க அதில் பாதி, ஆகக் கால் பங்கு. அந்தப் பெண்ணையே தாய்மாமன் கட்டி, அவளும் சுமப்பவளாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நிறக்குருடு வர வாய்ப்பு பாதி. பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்தது போலத் தெரியும். உண்மையில் அம்மா கொடுத்தது. இப்படிப்பட்ட குடும்பத்தில் மகள்களுக்கும் நிறக்குருடு வரலாம், இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு.

சொந்தத்துக்குள் கல்யாணம் இல்லாத குடும்பத்திலும் இது நடக்கும். நிறக்குருடு அரிதான பண்பு இல்லையே, மனைவி தற்செயலாகச் சுமப்பவராக இருந்துவிட்டால் போதும். வம்சாவளிப் படம் வரையும்போது மருமகளாக வந்தவளின் பிறந்த வீட்டை விட்டுவிடுவது நம் பழக்கம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வழுக்கை தாய்மாமனிடமிருந்து வருகிறதாமே?

பாதி உண்மை. ஆண் ஹார்மோன் ஏற்பியின் மரபணு எக்ஸில் இருக்கிறது, அதற்கு வழுக்கையில் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2017-இல் பிரிட்டனில் 52,000 ஆண்களின் மரபணுத் தகவலை அலசியதில் வழுக்கையோடு தொடர்புள்ள 287 இடங்கள் கிடைத்தன. 40 எக்ஸில், மீதி 247 உடற்குரோமோசோம்களில். அந்த 247-ஐ அப்பாவும் கொடுக்கலாம், அம்மாவும் கொடுக்கலாம்.

ஹார்மோன் இல்லாவிட்டால் இத்தனை மரபணுவும் சும்மா கிடக்கும். 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பருவம் அடையும் முன்பே விந்தகம் நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்று எழுதினார். அவர்களில் சிலருக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தபோது, வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் முடி கொட்டத் தொடங்கியது. மரபணுவும் வேண்டும், ஹார்மோனும் வேண்டும்.

காது முடி? அது ஒய் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே!

இருக்கிறது. ஒய் சார்ந்த பண்புக்கு எடுத்துக்காட்டு என்றால் பல புத்தகங்களில் முதலில் வருவது இதுதான். முடி வெட்டும் கடையில் பெரியவர்களுக்குக் கடைசியாகக் கத்தரிக்கோலின் நுனியால் காதுமடலைச் சுற்றி ஒதுக்கிவிடுவார்களே, அந்த முடி. நம் ஊருக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு: மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் 18.1 சென்டிமீட்டர் நீளக் காது முடிக்காகக் கின்னஸில் இடம்பிடித்தார்.

புகழ்பெற்ற மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்குக் குடிவந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அவரிடம் ஆய்வு செய்த கிருஷ்ண துரோணம்ராஜு, ஆந்திரக் குடும்பங்களில் காது முடி தந்தை வழியில் இறங்குவதைக் காட்டி 1960-இல் கட்டுரை வெளியிட்டார். நேர்மையான வேலைதான். ஆனால் இந்தப் பண்பில் இரண்டு தொல்லைகள். ஒன்று, காது முடி சின்ன வயதில் வராது, பலருக்கு நாற்பது ஐம்பதைத் தாண்டித்தான் தலைகாட்டும். இருபத்தைந்து வயது மகனைப் பார்த்து 'இவனுக்கு இல்லை' என்று எப்படி எழுதுவது? இன்னொன்று, எத்தனை முடி இருந்தால் 'உண்டு' என்பது? இரண்டு முடி போதுமா, இருபது வேண்டுமா? கணக்கெடுப்பவர் கோட்டை எங்கே போடுகிறாரோ, படம் அதற்கேற்ப மாறும்.

2004-இல் முடிச்சு அவிழ்ந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகக் குழு, தென்னிந்தியாவில் காது முடியுள்ள 50 ஆண்களின் ஒய் குரோமோசோமை எடுத்துப் பார்த்தது. ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்குவது, குலதெய்வம் மாதிரி. ஒரே பழைய மூதாதையின் ஒய்யில் நேர்ந்த மாற்றம்தான் காது முடிக்குக் காரணம் என்றால், அந்த 50 பேரும் ஒரே குலதெய்வக்காரர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. அவர்களுடைய ஒய்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல கிளைகளில் சிதறிக் கிடந்தன, காது முடி இல்லாத அதே பகுதி ஆண்களிடம் எப்படியோ அப்படியே. ஒய்யில் காது முடி மாற்றம் தனித்தனியாகப் பலமுறை நேர்ந்தது என்று வாதாடினால்தான் பழைய கதையைக் காப்பாற்ற முடியும். அதை நம்புகிறவர்கள் நம்பட்டும்.

ஆறு தலைமுறையாக ஆண்களுக்கு மட்டும் வந்த 'முள்ளம்பன்றி மனிதர்' கதை?

எட்வர்ட் லாம்பர்ட், இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக்காரர். முகம், உள்ளங்கை, உள்ளங்கால் தவிர உடம்பெல்லாம் முள் போன்ற தடித்த தோல். 1730-களில் சிறுவனாக இருந்தபோதே லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டப்பட்டவர். அவருடைய மகனும் பேரன்களும் கண்காட்சிகளில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஆண்களுக்கு மட்டும்தான் வரும் என்ற பேச்சு அப்படியே மரபியல் புத்தகங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. 1958-இல் பென்ரோஸ், ஸ்டெர்ன் என்ற இரு மரபியலாளர்கள் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். சொல்லப்பட்ட அளவுக்குத் தலைமுறைகளே இல்லை, பாதிக்கப்பட்ட பெண்களும் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. சாதாரண உடற்குரோமோசோம் சமாச்சாரம். வேடிக்கை காட்டிப் பிழைப்பவர் சொன்ன குடும்பக் கதையை இருநூறு வருடம் யாரும் சரிபார்க்கவில்லை.

மருத்துவத்தில் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று சொல்லுங்கள்.

சில குடும்பங்களில் ஆண் குழந்தைகளுக்கு மட்டும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கிவிடும். குரல் உடையும், சடசடவென வளர்வார்கள், எலும்பு சீக்கிரம் மூடிக்கொள்வதால் கடைசியில் குள்ளமாகவே நின்றுவிடுவார்கள். அக்கா தங்கைகளுக்கு ஒன்றுமே இருக்காது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவதும் உண்டு. ஒய் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நோய் கிடைக்காது, இல்லையா?

காரணம் 2ஆவது குரோமோசோமில் இருக்கிறது. விந்தகத்தைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோனின் ஏற்பியில் ஒரு பிழை, 1993-இல் கண்டுபிடித்தார்கள். ஹார்மோன் வராமலேயே அந்த ஏற்பி 'வந்துவிட்டது' என்று தகவல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. விந்தகம் உடனே டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கத் தொடங்கிவிடும். சினைப்பை விழிக்க எல்.ஹெச். மட்டும் போதாது, எஃப்.எஸ்.ஹெச். என்ற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். அதனால் பெண் குழந்தைக்கு அதே பிழை இருந்தும் ஒன்றும் ஆகாது. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, மகனைப் பெற்றால் அவனுக்குத் தெரியவரும். இந்தக் குடும்பத்தில் மகனின் பிள்ளைகளை மட்டும் விசாரித்து மகளின் பிள்ளைகளை விட்டுவிடும் மருத்துவர் தவறவிடுவார்.

மயில் தோகை?

இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் மயிலுக்கு ஒய் குரோமோசோமே கிடையாது. பறவைகளில் கணக்கு தலைகீழ்: ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. ஆண் மயிலிடம் இருக்கும் குரோமோசோம் வகை அத்தனையும் பெண் மயிலிடமும் உண்டு. சினைப்பை கெட்டுப்போன பெண் மயில் தோகை வளர்ப்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோழியிலும் இது நடக்கும். வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான். நோயில் அது போய்விட்டால் கொண்டை பெரிதாகி, இறகு மாறி, சில பெட்டைகள் கூவவும் தொடங்கிவிடும். பெட்டைக் கோழி கூவிப் பொழுது விடியாது என்பது பழமொழி. விடியுமோ விடியாதோ, கூவும்.

எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு மட்டும் ஒரு குறை வருகிறது. எப்படிப் பார்ப்பது?

முதலில் மகள்களின் மகன்களைப் பாருங்கள். பாதிக்கப்பட்டவரின் மகள் வயிற்றுப் பேரனுக்கு அது வந்திருந்தால், ஒய் இல்லை என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். பிறகு, பாதிக்கப்பட்டவருக்குப் பிறந்த மகன்களில் தப்பியவர் யாராவது உண்டா என்று பாருங்கள். ஒய் என்றால் ஒருவரும் தப்பக் கூடாது.

சின்னக் குடும்பத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் உடற்குரோமோசோம் பண்பு, பெற்றோரில் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்போடு வருகிறது. இரண்டு மகன், இரண்டு மகள் உள்ள வீட்டில் மகன்கள் இருவருக்கும் வந்து மகள்கள் இருவருக்கும் வராமல் போக வாய்ப்பு 16-இல் ஒன்று. பதினாறு வீட்டில் ஒரு வீடு தற்செயலாகவே 'ஒய் வீடு' போலத் தெரியும். அந்த ஒரு வீட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்.

ஆண்களுக்கு அதிகம் வரும் லீபர் பார்வை நரம்பு நோய் இன்னும் விசித்திரம். மரபணுப் பிழை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது, அது அம்மா மட்டுமே கொடுப்பது. பாதிக்கப்பட்ட ஆண் தன் பிள்ளைகள் எவருக்கும் கொடுக்க முடியாது. குடும்பத்தில் உண்மையாகவே நோய் இருந்தால் வம்சாவளிப் படத்தோடு மரபியல் ஆலோசகரிடம் போங்கள். அம்மா வீட்டுப் பக்கத்தையும் முழுசாக வரைந்துகொண்டு போங்கள்.

உண்மையான ஒய் சார்ந்த பண்பு ஒன்றுமே இல்லையா?

உண்டு. ஒய்யின் நீண்ட கையில் ஏ.இசட்.எஃப் என்ற பகுதிகள் இருக்கின்றன, விந்தணு உருவாக அவை வேண்டும். அதில் ஒரு துண்டு விட்டுப்போனால் விந்தணு மிகக் குறைந்துபோகும் அல்லது இருக்கவே இருக்காது. பிள்ளை பிறப்பதே கடினம் என்பதால் இந்தக் குறை குடும்பத்தில் அவ்வளவாக இறங்கியதே இல்லை. 1992-இல் ஒற்றை விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் ஐ.சி.எஸ்.ஐ முறையில் குழந்தை பிறந்த செய்தி பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அதற்கப்புறம் இப்படிப்பட்டவர்களும் அப்பாவாக முடிகிறது. பிறக்கும் மகன்கள் அத்தனை பேருக்கும் அதே குறை போகிறது, மகள்களுக்குப் போவதில்லை. சிகிச்சைக்கு முன்பே தம்பதியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பரீட்சையில் காது முடி பற்றிக் கேட்டால் என்ன எழுதுவது?

ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகளில் ஒன்றாகக் காது முடி இருந்தால், புத்தகத்தில் உள்ளபடி அதையே தேர்ந்தெடுங்கள். விடைத்தாள் திருத்துபவர் கையில் ஆன்சர் கீதான் இருக்கும், 2004-ஆம் வருட ஆய்வு இருக்காது. 'ஒய் சார்ந்த மரபணுவுக்கு எடுத்துக்காட்டு தருக' என்று திறந்த கேள்வியாக வந்தால் எஸ்.ஆர்.ஒய் என்று எழுதுங்கள். அதை யாரும் தப்பென்று அடிக்க முடியாது.